சர்ச்சைப் பூட்டிய பாதிரியார்

லண்டனிலிருந்து வந்த ஒரு துணி மூட்டைதான் வினையானது என்கிறார்கள். 1665 செப்டம்பரில், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஈம் என்ற குட்டி கிராமத்துக்குள் பிளேக் நுழைந்தது.

அடுத்த ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பெசன் ஊர்க்காரர்களிடம் கேட்டது ஒன்றுதான்: யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊரும் சம்மதித்தது.

செயின்ட் லாரன்ஸ் சர்ச் மூடப்பட்டது. பிரார்த்தனை திறந்தவெளிக்கு மாறியது. குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது!

சுமார் 260 பேர் இறந்தார்கள். மாம்பெசன் தன் பிள்ளைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார் என்பது கொஞ்சம் நெருடல்தான். ஆனால், மனைவி கேத்தரின் போகவில்லை. 1666 ஆகஸ்டில் அவரும் பிளேக்கில் இறந்தார். சர்ச் வளாகத்தில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது.