அடுக்களையில் ஒரு பிணம்

கொலையும் கேக்கும் ஒரே புத்தகத்தில் இருந்தால் அந்தப் புத்தகத்தை யாரும் மதிப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘கோசி மிஸ்டரி’ என்று அழைக்கப்படும் துப்பறியும் நாவல்களில், சமையலை மையமாகக் கொண்டவற்றைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஊர். அங்கே பேக்கரியோ உணவகமோ நடத்தும் ஒரு பெண். ஒரு கொலை. போலீஸ் தடுமாற, அவள் கண்டுபிடிக்கிறாள். நடுநடுவே சமையல் குறிப்புகள். ரத்தம் தெறிக்காது, பெண்ணுடலைச் சிதைத்துக் காட்டி வாசகரைக் கிளர்த்தும் பக்கங்கள் இருக்காது. இவற்றை நான் பல வருடங்களாகப் படிக்கிறேன். ‘நீங்களுமா?’ என்கிறார்கள். பெண்ணியம் பேசுகிறவள் கையில் குக்கீ படம் போட்ட அட்டை இருப்பது அவர்களுக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தலோடுதான் எனக்குச் சண்டை.

இவற்றில் யதார்த்தம் இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. அதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. 1944இல் ரேமண்ட் சாண்ட்லர் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாசூக்கான ஆங்கிலக் கொலைக்கதைகளை அதில் கிண்டலடித்தார்; கொலையை அது நிஜமாக நடக்கும் வெளிக்குக் கொண்டுவந்தவர் என்று டாஷியல் ஹாமெட்டைப் புகழ்ந்தார். அந்த மரபின் நாயகன் தனியாகத் திரியும் ஓர் ஆண். அவனுடைய களம் தெரு.

இது யாருடைய யதார்த்தம்? 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமிகளும் கொலை செய்யப்பட்டதாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் கணவன், காதலன் அல்லது குடும்பத்தினர். அதாவது நூற்றுக்கு 60 பேர். கொல்லப்பட்ட ஆண்களில் இந்த விகிதம் நூற்றுக்கு 12 மட்டுமே. பெண்ணைக் கொல்லும் கை பெரும்பாலும் அவள் சோறு போட்ட கை. அப்படியிருக்க, பிணத்தை அடுக்களை வாசலில் கிடத்தும் நாவலை எப்படிக் கனவுலகம் என்று ஒதுக்குகிறீர்கள்?

டயான் மாட் டேவிட்சனின் ‘கேட்டரிங் டு நோபடி’ 1990இல் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மலையூர் ஒன்றில் வாழும் கோல்டி, தன்னை அடித்த கணவனை விவாகரத்து செய்தவள். அவன் ஊரே மதிக்கும் மருத்துவன். மகனை வளர்க்க, விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்குகிறாள். ஒரு துக்க விருந்தில் முன்னாள் மாமனாருக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள். போலீஸ் அவள் தொழிலை முடக்குகிறது. அடுப்பு எரிந்தால்தான் வருமானம். அதனால்தான் துப்பறியக் கிளம்புகிறாள். 2021இல் வந்த மியா மனன்சாலாவின் ‘ஆர்செனிக் அண்ட் அடோபோ’வில் பிலிப்பினோ அமெரிக்கக் குடும்பம் ஒன்று உணவகம் நடத்துகிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாயகியின் முன்னாள் காதலன் விழுந்து சாகிறான். பழி அவள் மேல். இரண்டிலும் பெண் மீட்கப் போராடுவது தன் பெயரை, தன் பிழைப்பை. இதை இலகுவான வாசிப்பு என்பவர்கள் வேலை பறிபோவதை இலகுவாக நினைப்பவர்கள்.

நம்மை இந்த நாவல்களோடு கட்டிப்போடுவது கேக்கின் வாசனை என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஜோன் ஃப்ளூக் 2000இல் தொடங்கிய வரிசையில் ஹன்னா குக்கீ கடை வைத்திருக்கிறாள். வாங்க வருகிறவர்கள் பேசுகிறார்கள், அவள் கேட்டுக்கொள்கிறாள். ஊர் வம்பு என்று ஆண்கள் தள்ளிவிட்ட பேச்சு அங்கே சாட்சியமாகிறது. எந்த வீட்டில் ராத்திரி சத்தம் கேட்டது, யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, யார் கை நடுங்க காபி டம்ளரை வைத்தாள் என்பதெல்லாம் நம் தெருக்களிலும் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்து என்ன பயன்? சொன்னால் ‘உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பார்’ என்பார்கள். அந்த அறிவை ஊர் கேட்கிறது, அதனால் குற்றவாளி பிடிபடுகிறான் என்ற ஒரு கதைக்காக நாம் 300 பக்கம் காத்திருக்கிறோம். கூலியில்லாத சமையலுக்கு இங்கே விலை உண்டு. நம்பப்படாத வாய்க்கு மரியாதை உண்டு. ஈர்ப்பு அதில் இருக்கிறது.

அதனாலேயே இந்த நாவல்களிடம் நான் கூடுதலாகக் கேட்கிறேன். இவற்றில் பெரும்பாலான ஊர்கள் வெள்ளையர் ஊர்கள். போலீஸ்காரர் பெரும்பாலும் மைத்துனன், இல்லையென்றால் வருங்காலக் கணவன். காவல் நிலையத்தில் அவமானப்பட்ட பெண் இங்கே அபூர்வம். வன்முறை ஒரு கெட்ட மனிதரின் குணமாகச் சுருங்குகிறது. அவர் பிடிபட்டதும் ஊர் பழையபடி விருந்துக்கு உட்கார்ந்துவிடுகிறது. பாத்திரம் கழுவுகிறவள் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. 2013இல் வந்த ஒவிடியா யூவின் ‘ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்’ அந்த மறைவை ஓரளவு விலக்குகிறது. சிங்கப்பூரில் உணவகம் நடத்தும் விதவை ஆன்ட்டி லீயின் துப்பறிதலில், அவர் வீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண் நினாவின் கண்ணும் கையும் உண்டு. ஆனால் வரிசையின் பெயர் முதலாளியம்மாவுடையது. நினா நாயகியாகும் நாவல் எப்போது வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்க, புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். அட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களால் கேட்க முடியாது. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவிகளே, குற்றப் புனைவில் ஆய்வேடு எழுதப் போகிறீர்கள் என்றால் சாண்ட்லர் பக்கத்தில் டேவிட்சனையும் வையுங்கள். ‘இதெல்லாம் இலக்கியமா?’ என்று நெறியாளர் கேட்டால், ஐ.நா. கணக்கை அவர் முன் வைத்துவிட்டு, எந்த நாவல் கொலை நடக்கும் இடத்துக்குச் சரியாகப் போயிருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.