மலையில் உனக்கென்ன வேலை?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேற்றத்துக்குப் போயிருந்த இரண்டு குழுக்கள் அதில் சிக்கிக்கொண்டன. சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலோர் பெண்கள்; மகளிர் தினத்தையொட்டிக் கிளம்பியவர்கள். மலையிலும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் பாதை ஏன் திறந்திருந்தது? முறையான அனுமதி இருந்ததா? வழிகாட்டிகளுக்குக் காட்டுத்தீயைப் பற்றிப் பயிற்சி உண்டா? இவற்றைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் என் காதில் முதலில் விழுந்த கேள்வி இவற்றில் ஒன்றுமில்லை. பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே கேட்டார்: "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். அந்தக் குழுக்களில் ஆண்களும் இருந்தார்கள், அவர்களும் இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு மலைக்கதையை வைத்துப் பார்ப்போம். கொடைக்கானலில் ஒரு குகை இருக்கிறது. பேய்களின் அடுப்பங்கரை என்ற பொருளில் வெள்ளைக்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 1991இல் வந்த ஒரு படத்துக்குப் பிறகு அது குணா குகை ஆகிவிட்டது. ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் மலையில் மறைத்துவைக்கும் ஒருவனின் கதை அது. நாம் அதைக் காதல் என்று கொண்டாடி, மலைக்கே அவன் பெயரைச் சூட்டினோம். 2006இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழு ஒன்று, தடுப்பைத் தாண்டி அங்கே உள்ளே போனது. ஒருவர் ஆழமான பிளவுக்குள் விழுந்தார். அவருடைய நண்பரே கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். 2024இல் அது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற படமானது. நானும் பார்த்தேன், நானும் அழுதேன். அந்த நட்பு மெய்யானது. அதில் எனக்குச் சண்டையில்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவர்கூட "பசங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்கவில்லையே, அதில்தான் எனக்குச் சண்டை. ஆண்கள் விதியை மீறிப் பள்ளத்தில் விழுந்தால் அது நட்பின் காவியம் ஆகிறது. பெண்கள் தீயில் சிக்கினால் அது மற்றப் பெண்களுக்குச் சொல்லும் பாடம் ஆகிறது.

"பாதுகாப்புக்காகத்தானே சொல்கிறோம்" என்பார்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம். வால்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? கூடலூருக்கு? மூணாறுக்கு? கார் கண்ணாடி வழியாகப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தெரியுமே, அந்தச் சரிவில் விடிந்ததும் ஏறி நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். யானை வரும், சிறுத்தை வரும், அட்டை காலோடு ஒட்டும். மழையில் நனைந்துகொண்டு, கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையிலோ முதுகிலோ சுமந்து எடை போடும் இடம்வரை நடக்க வேண்டும். மலைச்சரிவில் கழிப்பறை கிடையாது, செடி மறைவுதான். தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. "ஐயோ, பொம்பளைங்க மலைக்குப் போறாங்களே, ஆபத்தாச்சே" என்று எந்தத் தோட்ட முதலாளியும் அவர்களைத் தடுத்ததில்லை.

ஆகவே பெண்ணுக்கு மலை ஆகாது என்பது பொய். அவளுக்கு அங்கே வேலை இருக்கும்வரை மலை திறந்தேதான் இருக்கிறது. விறகு பொறுக்கப் போகலாம், தண்ணீர் எடுக்கப் போகலாம், கொழுந்து கிள்ளப் போகலாம், வேண்டுதலுக்காகப் படி ஏறலாம். சும்மா போகக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பாறைமேல் உட்கார்ந்து கீழே ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் ஒருத்தி மூன்று மணி நேரம் ஏறினால், அந்த மூன்று மணி நேரத்துக்கு அவள் யாருக்கோ கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். கிளி ஓட்டுகிறார்கள், அருவியில் ஆடுகிறார்கள், தொண்ணூற்றொன்பது வகைப் பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். தமிழில் பெண்கள் மலையில் இவ்வளவு ஆசைதீர விளையாடிய இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பாட்டு யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். செவிலித்தாய்க்குத் தோழி சொல்லும் விளக்கம் அது. 261 அடி! மலைக்குப் போன மகளைப் பற்றி வீட்டுக்கு ஒப்புவிக்க அவ்வளவு சொற்கள் தேவைப்பட்டிருக்கின்றன. அவர்கள்கூடத் தினை காக்கும் வேலையைச் சாக்காக வைத்துத்தான் அருவிக்குப் போக முடிந்தது.

ஆபத்து என்ற காரணம் எடுபடாத இடத்தில் புனிதம் வந்து நிற்கும். கோவைக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரியில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் மலையேறக் கூடாது என்பது வழக்கம். பொதிகையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் அனுமதிச்சீட்டு கொடுத்துவந்தது, ஆண்களுக்கு மட்டும். பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்து, 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் வழி திறந்தது. 2019 ஜனவரியில், பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் அந்த அனுமதியுடன் சிகரம் ஏறினார்.

அகத்தியர் பிரம்மச்சாரி, ஆகவே பெண்கள் அங்கே போகக் கூடாது என்று அப்போதும் சொன்னார்கள். எந்த அகத்தியர்? ரிக் வேதத்திலேயே அவருக்கு மனைவி உண்டு. லோபாமுத்திரை என்று பெயர். தவத்திலேயே உடல் தேய்ந்தது போதும் என்று கணவரிடம் நேராகப் பேசியவள். தமிழிலும் அவள் கதை இருக்கிறது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சொல்வது: தெற்கே வந்த அகத்தியர், தம் மனைவியை அழைத்துவரத் தொல்காப்பியரை அனுப்புகிறார். இருவருக்கும் இடையே நான்கு கோல் தூரம் இருக்க வேண்டும் என்பது கட்டளை. வழியில் வையையில் வெள்ளம். லோபாமுத்திரை நீரில் அடித்துச் செல்லப்படுகிறாள். தொல்காப்பியர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்ட, அதைப் பிடித்துக் கரையேறுகிறாள். தூரம் காக்கவில்லை என்று அகத்தியர் இருவரையும் சபிக்கிறார். இருவரும் பதிலுக்குச் சபிக்கிறார்கள்.

பொதிகைக்கு நடந்து வந்த பெண்ணின் கதை இது. வெள்ளத்தில் போனாலும் தூரம் காக்க வேண்டும் என்று எதிர்பார்த்த கணவனை அவள் சும்மா விடவில்லை. இவ்வளவு கதையையும் வைத்துக்கொண்டு அவர் மலையில் பெண்வாடையே ஆகாது என்றால், நீங்கள் மறைப்பது யாரை?

இதில் நான் தாண்டிப்போக விரும்பாத ஒன்று உண்டு. அகத்தியர்கூடத்தைத் தங்கள் தெய்வத்தின் இடமாகக் கருதும் காணி மக்கள், பெண்கள் ஏறுவதை எதிர்த்து மலையடிவாரத்தில் கூடினார்கள். அவர்களைப் பிற்போக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட என்னால் முடியாது. காட்டை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் வரிசையில், நகரத்திலிருந்து காலணி வாங்கிக்கொண்டு போகும் நானும் நிற்கிறேன். யாருமே வராதீர்கள், இது எங்கள் கோயில் என்று அவர்கள் சொன்னால் நான் திரும்பிவிடுவேன். ஆனால் காணிகள் அல்லாத எத்தனையோ ஆண்கள் ஆண்டுக்கு ஆண்டு சீட்டு வாங்கி ஏறிக்கொண்டிருந்த மலை அது. மூடுவதானால் எல்லோருக்கும் மூடுங்கள். ஆண்களுக்குச் சீட்டு விற்றுக்கொண்டே பெண்ணிடம் மட்டும் புனிதத்தைப் பேசும் அரசுத் துறையோடுதான் என் வழக்கு.

தோழிகள் சிலர் கேட்கலாம்: மலையேறுவதெல்லாம் சம்பளமும் வார விடுமுறையும் உள்ள பெண்களின் ஆசை, இதையெல்லாம் பெண்ணியம் என்று பேசுவதா? நியாயமான கேள்வி. 2015 செப்டம்பரில் மூணாறில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் தெருவில் உட்கார்ந்து, ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வர விடாமல், வெட்டப்பட்ட போனஸைக் கேட்டுப் போராடி வென்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது கூலி, போனஸ், மரியாதை. சிகரமேற வழி கேட்கவில்லை.

ஆனால் அவர்களையும் என்னையும் பிரிக்காத ஒன்று இருக்கிறது, நேரம். உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து படமெடுக்கும் முகட்டுக்குக் கீழேயே லயத்தில் வாழ்கிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது? துணி, தண்ணீர், ரேஷன், வாரத்துக்கு வேண்டிய விறகு. அவள் வீட்டு ஆண் அன்று அணைக்கட்டுக்கு மீன்பிடிக்கப் போவான், நண்பர்களோடு பாறையில் உட்காருவான். நகரத்து வீட்டிலும் இதே ஞாயிறுதான். விறகுக்குப் பதில் கேஸ் அடுப்பு. ஆணுக்கு ஓய்வு என்பது பிறப்போடு வருகிறது. பெண் அதைச் சம்பாதிக்க வேண்டும், சம்பாதித்த பிறகும் காரணம் சொல்ல வேண்டும். மலை என்ற ஒன்றைப் பேசும்போது நான் பேசுவது இந்த ஓய்வைத்தான்.

இப்போது காலம் மாறியிருக்கிறது என்பார்கள். குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்யவும், உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வரவும் வழி செய்திருக்கிறது. நல்லது. பாதை எளிதா கடினமா என்று அரசு பிரித்துப் போட்டிருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டும் பாதை எந்த வகையில் சேரும்?

நான் கல்லூரியில் படித்தபோது சுற்றுலா போனோம். காட்சிமுனைக்கு ஏறும் இடத்தில், பெண்கள் பேருந்திலேயே இருக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" பரிவோடுதான் சொன்னார். நாற்பது பெண்கள் வண்டிக்குள் அந்தாட்சரி பாடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இறங்கி வந்த பையன்கள் மேகத்தைத் தொட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஒருத்தியும் இறங்கி நடக்கவில்லையே என்ற வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் இதைப் படிக்கும் மாணவிகளிடம் கேட்கிறேன். உங்கள் கல்லூரிச் சுற்றுலாவில் பேருந்திலேயே இருக்கச் சொன்னால் இறங்குங்கள். பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் கழிப்பறை கேளுங்கள். மாதவிடாய் நாளென்றால் கூடுதலாக இரண்டு துணியோ நாப்கினோ எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பயன்படுத்தியதைக் காட்டில் போடாமல் கட்டி எடுத்து வாருங்கள். வழிகாட்டிகளில் பெண்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த மலையின் மூலிகையும் ஊற்றும் அவர்களுக்குத் தெரியும். தீக்காலத்தில் வனத்துறை வேண்டாமென்றால் போகாதீர்கள், அது எல்லோருக்குமான விதி. ஆண்களுக்கு இல்லாத விதி என்றால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகு யாராவது கேட்பார்கள், உனக்கு இங்கே என்ன வேலை என்று. ஒரு வேலையும் இல்லை என்று சொல்லுங்கள்.