பானைக்குள் பாம்பும் ஆற்றில் நஞ்சும்

"அந்தக் காலத்துப் போரில் ஒரு தர்மம் இருந்தது. பொழுது சாய்ந்தால் ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். விஷவாயு எல்லாம் இந்தக் காலத்துப் பாவம்" என்று என் வயதுக்காரர்கள் பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டு பிரெஞ்சுப் படையினரை மூச்சுத் திணறவைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் புத்தி அன்றைக்குப் பிறந்தது அல்ல.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஹன்னிபால் என்றால் 'அனிபால்'தான். 'ஹ' வாயில் வராது. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய கதையை எல்லோரும் அறிவோம். கி.மு. 202இல் சாமா போரில் ரோமிடம் தோற்றபின் அவர் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா அரசனிடம் அடைக்கலம் புகுந்தார். அந்த அரசனுக்காக பெர்கமோன் மன்னன் யூமெனஸோடு கடலில் மோத வேண்டி வந்தது. கப்பல்கள் எதிரியிடம்தான் அதிகம். அனிபால் என்ன செய்தார்? விஷப் பாம்புகளை உயிரோடு பிடித்துவரச் சொல்லி மண்பானைகளில் அடைத்தார். பிறகு ஒரு தூதனைப் படகில் கடிதத்தோடு அனுப்பினார். சமாதானக் கடிதம் என்று நினைத்து யூமெனஸ் பிரித்தால், உள்ளே வெறும் கேலி. ஆனால் மன்னன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டதல்லவா! எல்லோரும் அந்தக் கப்பலைக் குறிவைக்க, மன்னன் தப்பி ஓடினான். மற்றக் கப்பல்கள்மேல் பானைகள் வந்து விழுந்தபோது மாலுமிகள் முதலில் சிரித்தார்களாம். உடைந்த பானைகளிலிருந்து வந்தவை காலடியில் நெளிந்ததும் சிரிப்பு நின்றது. லத்தீன் ஆசிரியர் கொர்னேலியஸ் நேப்போஸ் நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதிவைத்த கதை இது.

இதை நான் ரசித்துத்தான் படிக்கிறேன். அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் சண்டை போட வந்தவர்கள்.

கிர்ரா கதை அப்படி அல்ல. கிரேக்க நாட்டில் டெல்ஃபி கோயிலுக்கு அருகே இருந்த ஊர் அது. கோயிலுக்கு வருபவர்களைக் கொள்ளையடித்ததாகக் குற்றம்சாட்டி, கி.மு. 590 வாக்கில் சுற்றிலும் உள்ளவர்கள் கூட்டணி சேர்ந்து முற்றுகை இட்டார்கள். ஊருக்குள் போகும் ஆற்றைத் திருப்பிவிட்டும் மக்கள் பணியவில்லை. பிறகு ஹெலிபோர் என்ற நச்சுச்செடியின் வேரை ஏராளமாகப் போட்டு, அதே தண்ணீரை மறுபடி ஊருக்குள் விட்டார்களாம். தாகத்தில் கிடந்தவர்கள் ஆவலோடு குடித்தார்கள். வயிற்றுப்போக்கு நிற்காமல் காவல்காரர்கள் மதிலை விட்டுப் போக, ஊர் விழுந்தது. அந்தத் தண்ணீரைக் காவல்காரன் மட்டுமா குடித்திருப்பான்? பிள்ளை பெற்றவள் குடித்திருக்க மாட்டாளா?

யோசனை சொன்னவர் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் என்று பவுசானியாஸ் எழுதுகிறார். ஃபிரான்டினஸ் வேறொருவர் பெயரைச் சொல்கிறார். தப்புக் காரியம் நடந்த கோப்பில் கையெழுத்துப் போட ஒருவரும் முன்வர மாட்டார்கள் என்பது என் ஆபீஸ் அனுபவம். இங்கே ஆளாளுக்கு ஒருவருக்குப் பெருமை சேர்க்கிறார்கள்! வேடிக்கை என்னவென்றால், முற்றுகை இட்ட அந்தக் கூட்டணிக்கு ஒரு பழைய சத்தியம் உண்டு: தங்களைச் சேர்ந்த எந்த ஊருக்கும், போரிலும் சரி அமைதியிலும் சரி, ஓடும் தண்ணீரைத் தடுக்க மாட்டோம் என்பது. பேச்சாளர் ஐஸ்கினஸ் அதைக் குறிப்பிடுகிறார்.

நம் நாட்டிலும் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன. நஞ்சு தடவிய அம்பு கூடாது என்கிறது மனுஸ்மிருதி. கண்ணைக் குருடாக்கும் புகைக்கும் ஆளைக் கொல்லும் பொடிக்கும் செய்முறை தருகிறது அர்த்தசாஸ்திரத்தின் 14ஆம் அதிகரணம்.

இதெல்லாம் எழுத்தில் இருப்பதுதானே, நடந்ததற்குச் சாட்சி என்ன என்று கேட்பவர்களுக்கு துரா-யூரோப்போஸ் இருக்கிறது. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் ரோமர்கள் காவல் காத்த ஊர். கி.பி. 256 வாக்கில் பாரசீகர்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்ட, ரோமர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். 1930களில் அங்கே அகழாய்வு செய்த பிரெஞ்சுக்காரர் து மெனில் து புய்சோன், குறுகிய இடத்தில் குவியலாகக் கிடந்த ரோமச் சிப்பாய்களின் எலும்புகளைக் கண்டார். சண்டையில் செத்தவர்கள் என்று நினைத்தார். 2009இல் சைமன் ஜேம்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பழைய குறிப்புகளைப் புரட்டி, அங்கே கிடைத்த கந்தகத்தையும் நிலக்கீலையும் வைத்து வேறு முடிவுக்கு வந்தார். பாரசீகர்கள் தீ மூட்டி, கந்தகப் புகையை எதிர்ச்சுரங்கத்துக்குள் ஏற்றியிருக்கிறார்கள். ரோமர்கள் சுமார் 20 பேர், சில நிமிடங்களில் முடிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு பாரசீக வீரனின் எலும்புக்கூடும் கிடந்தது. தீ மூட்டியவன் அவனாகத்தான் இருக்கும், வெளியேறத் தாமதித்துவிட்டான் என்கிறார் ஜேம்ஸ்.