திருவெறும்பூரை விட்டுவிட்ட பட்டியல்

ரயில் நிலையங்களை மேம்படுத்தும் அம்ருத் பாரத் திட்டத்தில் திருவெறும்பூர் ரயில் நிலையத்துக்கு இடமில்லை என்ற முடிவை ஏற்க முடியாது. திருச்சி வட்டாரத்தில் ஸ்ரீரங்கத்துக்கு இடம் கிடைத்தது. 2025 மே 22 அன்று நாடு முழுவதும் திறக்கப்பட்ட 103 நிலையங்களில் அதுவும் ஒன்று. லால்குடியும் பட்டியலில் இருக்கிறது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. அரங்கனைத் தரிசிக்க வருகிறவர்களுக்கு நல்ல நிலையம் வேண்டும். ஆனால் அதே வட்டாரத்தின் காட்டூரும் திருவெறும்பூரும் துவாக்குடியும் செய்த குற்றம் என்ன?

எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இந்த முடிவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆன்மிகம்தான் அளவுகோல் என்றால், திருநாவுக்கரசர் பாடிய எறும்பீசுவரர் கோயில் இங்கேதான் குன்றின்மேல் நிற்கிறது. பழமை என்றால், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860களின் தொடக்கத்திலேயே போடப்பட்ட பாதை இது. தென்னகத்தின் மிகப் பழைய தடங்களில் ஒன்று. தொழில் என்றால் கேட்கவே வேண்டாம். 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்தது, துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது, இன்று என்.ஐ.டி. என்று அறியப்படும் பொறியியல் கல்லூரி வந்தது. பெல்லை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. இவ்வளவு பேர் வேலைக்கும் படிப்புக்கும் போய்வரும் பகுதி, திருச்சியில் வேறு எது?

காட்டூர் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த கிராமம். இன்று மாநகராட்சி எல்லைக்குள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பு. இங்கே வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். இவர்களுக்குத் தேவை கண்ணாடி முகப்பு அல்ல. காலையில் வேலைக்குப் போகவும் மாலையில் வீடு திரும்பவும் நேரத்துக்கு ஒரு வண்டி வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடம் வேண்டும். இரவில் பெண்கள் அச்சமின்றி இறங்கி நடக்க வெளிச்சம் வேண்டும். திருச்சி – தஞ்சாவூர் தடம் அகலப்பாதையாகி, இரட்டைப்பாதையாகி, மின்மயமும் ஆகிவிட்டது. இத்தனை கோடி செலவழித்த பிறகும் புறநகர் ரயில் என்று சொல்லத்தக்க சேவை திருச்சிக்கு இல்லை. விரிவாக்கப்பட்ட தடத்தில் தொலைதூர வண்டிகள் வேகமாகப் போகின்றன. தடத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பேருந்துக்கு ஓடுகிறார்கள்.

அந்தப் பேருந்து போகும் சாலையின் கதை எல்லோரும் அறிந்ததுதான். திருச்சி பால்பண்ணை முதல் துவாக்குடி வரை நான்குவழிச் சாலை போட்டவர்கள் அணுகுசாலை போடவில்லை. அரியமங்கலத்திலும் காட்டூரிலும் கடைக்குப் போகவும் பள்ளிக்குப் போகவும் மக்கள் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள். எத்தனை மறியல், எத்தனை மனு, எத்தனை நீதிமன்றப் படிகள்! ஆண்டுக்கணக்கில் அளவீடு, நில எடுப்பு, மறு அளவீடு என்றே இழுத்தடித்தார்கள். விபத்தில் போன உயிர்கள் எந்தக் கோப்பிலும் திரும்பி வரப்போவதில்லை. சாலையில் இப்படிக் கைவிட்ட பிறகு, ரயிலாவது கொடுத்திருக்க வேண்டாமா?

கொடுத்திருந்ததையும் பறித்தார்கள் என்பதுதான் வேதனை. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டிப் பயணிகள் வண்டிகளை நிறுத்தினார்கள். அன்று அது தேவைதான். பிறகு அதே வண்டிகளைத் திரும்ப ஓட்டியபோது, விரைவு வண்டி என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கினார்கள். பெட்டி அதே பெட்டி, நின்றுபோகும் நிலையங்களும் ஏறக்குறைய அவையே. கட்டணம் மட்டும் மூன்று மடங்கு. திருவெறும்பூரில் ஏறித் திருச்சி ஜங்ஷனில் இறங்கும் கூலித்தொழிலாளி போகவர 60 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு நாளாவது அந்த வண்டியில் வந்து பார்த்திருப்பார்களா? 2024 பிப்ரவரியில்தான், நாடாளுமன்றத் தேர்தல் வாசலுக்கு வந்தபோது, பழைய கட்டணம் திரும்பியது. அந்த இடைவெளியில் பேருந்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் பழகிவிட்டவர்களைக் கணக்கில் காட்டி, இங்கே பயணிகள் குறைவு என்று இனி சொல்வார்களானால் அது அப்பட்டமான அநீதி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையோ அப்போதும் திரும்பவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நிறைந்த இந்த ஊரில் அது யாரைச் சுடுகிறது என்று சொல்லத் தேவையில்லை.

பொன்மலை ரயில் பணிமனை இருக்கும் நகரம் திருச்சி. ரயிலுக்காக உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் பகுதியில் நிலையத்தைக் கேட்பாரற்று விடுவதற்கு யாருக்கும் உரிமையில்லை. பட்டியல் திருத்தப்பட வேண்டும். வண்டி நேரங்களை வகுக்கும்போது ஆலைச் சங்கு நேரத்தையும் கல்லூரி மணியையும் கேட்டுவிட்டு வகுக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் கட்சி வேறுபாடு பார்க்காமல் இதைக் கையிலெடுக்க வேண்டும். அடுத்த பட்டியல் வரும்வரை பொறுத்திருங்கள் என்ற பதிலை அவர்களும் இனி வாங்கிவரக் கூடாது.