கால்வாய்க் கரையில் ஒரு நாள்



பயிற்சி ஒன்றுக்காகப் பெல்ஜியம் போயிருந்தபோது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கிடைத்தது. புகையிரதம் ஏறி ஈப்பர் நகருக்குப் போய், ஒரு சைக்கிளை வாடகைக்குக் கேட்டேன். ஆசனத்தை எவ்வளவு இறக்கியும் என் கால் நிலத்தில் படவில்லை. கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே சிறுவர் ஓடும் சைக்கிள் ஒன்றைத் தந்தார்.

ஈப்பரிலிருந்து வடக்கே ஒரு கால்வாய் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் ஓடி, ஐசர் ஆற்றில் சேர்கிறது. அதன் கரையோரமாகத்தான் என் பயணம். இயந்திரப் படகுகள் வருமுன்னர் அந்த நாட்டில் குதிரைகளும் மனிதர்களும் கால்வாய்க் கரைகளில் நடந்து படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். படகுக்காரரின் மனைவிமாரும் தோளில் வார் மாட்டி இழுத்ததுண்டு. அப்படி நடந்த கரைகள் பலவற்றில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. சந்திக்குச் சந்தி இலக்கப் பலகை உண்டு. போகவேண்டிய இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டால் போதும். 1995 இல் லிம்பேர்க் மாகாணத்தில் தொடங்கிய முறை இது. மொழி தெரியாத எனக்கும் வழி தவறவில்லை.

தட்டையான நிலம். எதிர்க்காற்றில் நான் மூச்சு வாங்க, ஒரு தாய் இரண்டு பிள்ளைகளுடன் என்னை முந்திப் போனார்.

முதலாம் உலகப் போரில் இந்தக் கரை போர்முனையாக இருந்தது. 1915 ஏப்ரல் 22 இல் ஈப்பருக்கு வடக்கே ஜேர்மன் படை குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டது. ஈப்பர் நகரம் ஷெல் வீச்சில் தரைமட்டமானது. கால்வாய்க்கு அருகே எசெக்ஸ் ஃபார்ம் என்ற இடத்தில், காயப்பட்டவர்களைக் கிடத்திய கொங்கிறீற் அறைகள் இன்னும் நிற்கின்றன. பக்கத்தில் மயானம். அங்கே ஒரு கல்லறையில் வயது 15 என்று எழுதியிருந்தது. அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

அங்கேதான் எங்கள் குழுவிலுள்ள ஓர் அக்காவின் நினைவு வந்தது. வாய்க்கால் கரையால் போனால் அவருக்குச் சந்தை பத்து நிமிடம். மிதிவெடி அகற்றி, எச்சரிக்கைப் பலகையையும் கழற்றிப் பல வருடமாகியும் அவர் பெரிய ரோட்டால் சுற்றித்தான் போவார். "ஏன் அக்கா இன்னும் பயம்? எல்லாம் முடிஞ்சுதே" என்று கேட்டேன். "மேலை முடிஞ்சுது பிள்ளை, கீழை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். நான் என் குறிப்பேட்டில் 'தேவையற்ற பயம்' என்று எழுதினேன்.

ஈப்பரைச் சுற்றியுள்ள வயல்களில் உழும்போது இன்றும் ஷெல்கள் வெளிவருகின்றன. விவசாயிகள் அறிவிக்க, இராணுவத்தினர் வந்து எடுத்துச் செல்கிறார்கள். ஆண்டுதோறும் நூறு தொன்னுக்கு மேல். 2014 மார்ச்சில் ஈப்பரில் கட்டட வேலை செய்த இருவர் அப்படியொரு ஷெல் வெடித்து இறந்தார்கள். போர் முடிந்தது 1918 இல்! செல்வமுள்ள ஒரு நாட்டின் நிலத்துக்கே நூறு வருடம் போதவில்லை. ஓர் அக்காவின் மனதுக்கு நான் தவணை குறித்தேனே!

படித்த சமூகவியல் எனக்குச் சொல்லித் தராததை அந்தக் கரை சொல்லித் தந்தது. ஊர் திரும்பியதும் அந்த வரியை வெட்டினேன். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்தார். அடுத்த சந்தை நாளில் இருவரும் பெரிய ரோட்டாலேயே சைக்கிளில் போனோம்.

சகோதரிகளே, "இன்னுமா மறக்கவில்லை?" என்று யாராவது கேட்டால் வெட்கப்படாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பிப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். சைக்கிளை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுற்றுப்பாதையும் சந்தைக்குத்தான் போகிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.