போலீஸ் அடிச்சதுக்குக் கணக்கு... யாரிடம் கேட்பது?

அடையாறு ரோட்டில் குழின்னா மாநகராட்சியைக் கேட்கலாம். ஆனா அடையாறு காவல் நிலையப் பதிவேடு மாநகராட்சி கையில் இல்லை. நியூயார்க்கில் போலீஸ் நகர நிர்வாகத்தின் கீழ் இருக்கு. இங்கே மாநில உள்துறையின் கீழ். அதனால் உங்க ஆர்டிஐ மனு சென்னை காவல் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போகணும். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள்.

'ஏன் அடிச்சீங்க?'ன்னு கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்க: தேதி, நேரம் குறிப்பிட்டு பொது நாட்குறிப்பு நகல், சிசிடிவி பதிவு.

2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தாங்க. அந்த நிலையத்தின் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவரின் அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேணும், பதிவை 18 மாதம், அதற்கு வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கணும், அதைப் பாதுகாத்து வைக்கக் கோர பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு.

சிக்கல் எங்கேன்னா, மனு நிராகரிக்கப்பட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநில தகவல் ஆணையம். ஃபைல் நகர்வதற்குள் பதிவு அழிஞ்சிடலாம். அதனால் முதல் வாரமே 'பதிவைப் பாதுகாத்து வையுங்கள்' என எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்க.

ஆனா இந்த ஓட்டமே மக்களுக்கு எதுக்கு? தகவலைத் தானாக வெளியிடணும்னு ஆர்டிஐ சட்டத்தின் 4-வது பிரிவு சொல்லுது. எந்த நிலையத்தில், எத்தனை முறை பலப்பிரயோகம் நடந்ததுங்கிற கணக்கை மாதாமாதம் ஆணையர் அலுவலகமே இணையத்தில் போடட்டும்.