ஆஸ்பத்திரியிலும் வருணாசிரமமா?

நமது நாட்டில் 108 என்னும் எண்ணுக்கு வெகு காலமாய் இருந்து வந்த உபயோகமெல்லாம், குருக்கள் அத்தனை தடவை சாமி பேரைச் சொல்லித் தட்டில் காசு வாங்குவதேயாகும். 2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில்தான் தமிழ்நாட்டில் அந்த எண்ணுக்கு ஒரு புது உபயோகம் ஏற்பட்டது. யார் கூப்பிட்டாலும், காசு கேட்காமலும் ஜாதி கேட்காமலும் வண்டி வருகிறது. அது ராகுகாலம், எமகண்டம் பார்த்துப் புறப்படுவதில்லை. பஞ்சாங்கத்தை விடாத வைதிகரும் மார்பு வலித்தால் கூப்பிடுவது இந்த 108-ஐத்தான்.

நிற்க. வண்டி வந்துவிட்டால் மாத்திரம் உயிர் பிழைத்துவிடுமா? வண்டியில் வரும் மருத்துவ உதவியாளரின் அறிவும், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை ஏற்றுக்கொள்ளும் நர்ஸின் அறிவும் ஒன்று சேர்ந்தால்தான் பிழைக்கும்.

தஞ்சை ஜில்லாவில் நடக்கக்கூடியதையே எடுத்துக்கொள்வோம். இரவில் களத்தில் தரையில் படுத்திருக்கும் ஒரு கூலித் தோழரைக் கட்டுவிரியன் கடித்துவிடுகிறது. இதன் பல் பட்ட தடம் பல சமயம் கண்ணுக்கே தெரிவதில்லை. வீக்கமும் வலியும் அதிகமிராது. வேப்பிலையடித்து, "விஷம் இறங்கிவிட்டது" என்று சொல்லிக் காசு வாங்க மந்திரவாதிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் சில மணி நேரத்தில் கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சும் நின்றுபோகும். பழியோ தலைவிதியின் மேல்!

பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் வந்தால் என்ன செய்வார்? கடிவாயைக் கீறமாட்டார்; இறுக்கிக் கட்டமாட்டார். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைப்பார். மூச்சுத் தளர்ந்தால் பையை அழுத்திக் காற்றுக் கொடுப்பார். கடித்த நேரம் எது, இமை தொங்க ஆரம்பித்தது எப்போது, கட்டுப் போட்டிருந்தார்களா, பச்சிலை ஏதும் கொடுத்தார்களா என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

இந்த நான்கு சமாசாரமும் நர்ஸின் காதில் விழ வேண்டும். விழுந்தால் அந்த அம்மையார் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் தயாராகும். அப்படியின்றி, "எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ கையெழுத்து வாங்கிக்கொண்டு போ" என்று ஒருவர் விரட்டி, "ஒரு பொம்பளைக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?" என்று மற்றவர் முறைத்துக்கொண்டு போனால், நஷ்டம் யாருக்கு? வாய் பேச முடியாமல் கிடக்கும் கூலிக்காரருக்கல்லவா?

டாக்டருக்குக் கீழே நர்ஸ், நர்ஸுக்குக் கீழே வண்டிக்காரர், எல்லோருக்கும் கீழே ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர் என்கிற இந்த ஏணி எங்கிருந்து வந்தது? மேலே இருப்பவனுக்குக் கும்பிடு, கீழே இருப்பவனுக்கு உதை என்பது மனுதர்மம் கற்றுக்கொடுத்த பாடமல்லவா? யார் உத்தரவிடுவது, யார் செய்வது என்ற ஒழுங்கு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ஒழுங்கு வேறு, இழிவு வேறு.

நர்ஸுகளுக்கு ஒரு வார்த்தை. இரத்தத்தையும் சீழையும் தொடுவது ஈன வேலை என்று உயர்ஜாதியார் ஒதுக்கிய காலத்தில், அதைப் படிப்பாகவும் தொழிலாகவும் ஆக்கிக்காட்டியவர்கள் நீங்கள். சென்னை மாகாணத்தில் உங்களுக்கு 1926-லேயே சட்டமும் பதிவேடும் ஏற்பட்டன. வண்டித் தோழர்களின் தொழிலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மத்திய சட்டம் 2021-ல்தான் வந்தது. இடையில் 95 வருஷம்! முன்னே ஏறியவர்கள் ஏணியை எட்டி உதைக்கலாமா?

வண்டித் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். சில வாரப் பயிற்சியோடு படிப்புத் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பார்க்காத நாடியைப் பார்த்ததாக எழுதாதிருப்பதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதுமே தொழில் நாணயம். மரியாதை அதிலிருந்துதான் பிறக்கும். நர்ஸ் கேள்வி கேட்பது உங்களை மட்டந்தட்ட அல்ல, நோயாளியைப் பிழைக்கவைக்க.

சர்க்காரை நாம் கேட்பதும் இதுவே. 2021-ம் வருஷத்துச் சட்டத்தை ஏட்டளவில் நிறுத்தாமல் முறையான படிப்பையும் பதிவையும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். தஞ்சாவூரில் 1959 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வண்டித் தோழர்கள் சில நாள் நர்ஸுகளோடு வார்டிலும், நர்ஸுகள் சில நாள் வண்டியிலும் வேலை பழகட்டும். ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கிராமத் தோழர்களே! பாம்பு கடித்தால் மந்திரவாதி வீட்டுக்கு ஓடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டித் தோழர் நர்ஸிடம் சொல்லி முடிக்கும்வரை, பண்ணையார் ஆனாலும் கட்சித் தலைவர் ஆனாலும், யாரும் குறுக்கே பேச விடாதீர்கள்.